கீழ் வலது மூலை

ஆவடி
9 பிப்ரவரி 2025, ஞாயிறு

ரோஷினி,

அன்றைக்கு நான் சொல்லாதது ஒரே ஒரு வாக்கியம். "வலது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு இன்னொரு தடவை பார்."

மற்றதை எல்லாம் சொன்னேன். டாஸ்க்பாரின் கண்ணாடித் தன்மையை அணைக்கச் சொன்னேன். ஜன்னல்களுக்கு அடியில் விழும் நிழலை எடுக்கச் சொன்னேன். இரவு வெளிச்சம், தானாகக் கூடிக் குறையும் பிரகாசம், திறக்கும்போதும் மூடும்போதும் வரும் அசைவுகள், ஒவ்வொன்றாக. டிசம்பர் கடைசியில் நீ போன் செய்து, "ஸ்கிரீன்ல ஒரு கறுப்புப் புள்ளி மிதக்குதுடி" என்றபோது நான் சிரித்தேன். செத்துப்போன பிக்ஸல் இடம் மாறாது, மாறினால் அது பழுது இல்லை, ஏதோ எஃபெக்ட் என்றேன். ஓரத்தில் மின்னல் மாதிரி வெட்டுகிறது என்று நீ சொன்னபோது கேபிள் தளர்ந்திருக்கும் என்றேன். ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொன்னேன். படத்தில் தெரிந்தால் அது மென்பொருள் வேலை, தெரியாவிட்டால் திரையின் பேனல் பழுது. எங்கள் கடையில் சேர்ந்த முதல் நாளே இதைத்தான் சொல்லிக் கொடுப்பார்கள். நீ அனுப்பிய படத்தில் ஒன்றும் இல்லை. பேனல்தான், கடைக்குக் கொண்டு வா என்றேன்.

ஜனவரி 21, செவ்வாய். இன்னும் நிச்சயம்கூட ஆகாத மாப்பிள்ளை அரவிந்தன், அரை நாள் லீவு போட்டு உன்னை வண்டியில் அழைத்து வந்திருந்தார். ஹெல்மெட்டைக் கையில் மாட்டிக்கொண்டு உன் பக்கத்தில் நின்றார். கவுன்ட்டரில் என்னோடு வேலை பார்க்கும் நிர்மல் உன் லேப்டாப்பில் வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று மாற்றி மாற்றி நிறப் பக்கங்களை ஓட்டினான். பேனலில் ஒரு குறையும் இல்லை. நீ கீழ் வலது மூலையில், கடிகாரம் இருக்கும் இடத்தில், விரலை வைத்தாய். "இங்க நிழலா இருக்கு பாருங்க."

நிர்மல் விற்பனைக்கு வந்திருந்த ஒரு புது லேப்டாப்பை எடுத்து உன் எதிரில் வைத்தான். மேலே ஒட்டிய பிளாஸ்டிக்கைக்கூட உரிக்கவில்லை. நீ அதிலும் அதே மூலையில் விரலை வைத்தாய்.

"இதுலயும் இருக்கு."

"அப்போ அம்பத்தூர்ல கீற அல்லா மெஷினும் ரிப்பேரா மேடம்?" என்றான் நிர்மல். "ரெண்டுலயும் இருந்தா அது பழுது இல்ல. பேயும் இல்ல. விண்டோஸ் போடற நெழலு." பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினான். "எஃபெக்ட் கேஸு. எழுதி அனுப்பு." பழுதே இல்லாமல் பழுது என்று வருகிறவர்களுக்குக் கடையில் அதுதான் பெயர்.

அரவிந்தனும் சிரித்தார். உன் காது மடல் சிவந்தது.

ரோஷி, அந்தப் புது லேப்டாப் முதல்முறை திறந்ததும் வருமே, எந்த மொழி என்று கேட்கும் பக்கம், அதில் நின்றுகொண்டிருந்தது. டெஸ்க்டாப்பே வரவில்லை. நிழல் போடுவதற்கு அங்கே எதுவும் இல்லை. இது நிர்மலுக்கு அப்போது உறைக்கவில்லை. எனக்கு உறைத்தது. இரண்டு இயந்திரத்திலும் ஒரே இடத்தில் ஒரு குறை இருந்தால் அது இரண்டு இயந்திரத்திலும் இல்லை. அப்புறம் மீதி இருந்தது நீ மட்டும்தான்.

நான் ஜாப் ஷீட்டில் 'பழுது இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

போன வெள்ளிக்கிழமை வெள்ளானூருக்கு வந்தேன். ஒரு வாரமாக உன் போன் அணைந்தே இருந்தது. வாசலில் வேப்பிலை கட்டியிருந்தது. உன் அம்மா கேட்டுக்கு உள்ளேயே நின்று, தெருவுக்கே கேட்கிற மாதிரி, "அம்மை போட்டிருக்கும்மா, உள்ள வராத" என்றார். பிறகு கிட்டே வந்து, உதடு அசைவது தெரியாமல் சொன்னார். "இடது கண்ணு. உள்ள இருக்கற விழித்திரை கழண்டுக்கிச்சாம். ஆபரேஷன் ஆயிடுச்சி. பார்வை வருமா வராதான்னு டாக்டரே சொல்ல மாட்டேங்கறாங்க. மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரியக்கூடாது. உனக்குப் புண்ணியமாப் போகும்."

தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். மறுபடியும்.

ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்று கேட்பாய். அதை எழுதத் தொடங்கி இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். நாகம்மா காலையில் உங்கள் வீட்டில் வேலை முடித்துவிட்டு மாலையில் எங்கள் காம்பவுண்டுக்கு வருகிறார் என்பது நேற்றுதான் தெரிந்தது. அவரிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

ஃபெபி

வெள்ளானூர்
12 பிப்ரவரி, புதன்

ஃபெபி,

எழுத்து கோணலாக இருக்கும். குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறேன். கண்ணுக்குள் எண்ணெய் நிரப்பியிருக்கிறார்கள். அது விழித்திரையை அழுத்திப் பிடிக்க வேண்டுமாம், அதற்காக மூன்று வாரம் முகம் தரையைப் பார்க்க வேண்டும். சாப்பாடும் அப்படியே, தூக்கமும் அப்படியே. நெற்றியைக் கட்டில் விளிம்பில் வைத்து, கீழே முக்காலியில் நோட்டு. வலது கண்ணால் பார்த்து எழுதுகிறேன். போனை அம்மா பிடுங்கி பீரோவில் பூட்டிவிட்டாள். அம்மை போட்ட பெண் போன் பார்த்தால் கண்ணுக்கு ஆகாது என்று அரவிந்தனிடம் சொல்லியிருக்கிறாள். அவர் நம்பிவிட்டார்.

உன் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நீ நிறையப் புத்தகம் படிக்கிறவள். செய்த குற்றத்தைக்கூட ஒரு நல்ல முதல் வாக்கியத்தோடுதான் ஆரம்பிக்கிறாய். எனக்கு அது பிடிக்கவில்லை.

கடையிலிருந்து திரும்பும்போது அரவிந்தன் வண்டியில் சொன்னார். "உன் லேப்டாப்புக்கு மந்திரிச்சிக் கயிறு கட்டணும் போலயே." நானும் சிரித்தேன். அதற்கப்புறம் நிழலைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. ஒரு வெப்சைட் பக்கத்தில் பொத்தான் ஒரு பிக்ஸல் தள்ளி இருந்தால் கண்டுபிடித்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். என் கண்ணில் படுவது அங்கே இல்லை என்று நான் எப்படிச் சொல்வேன். நிழல் பெரிதாகிக்கொண்டே வந்தது. விண்டோஸ் ஏதோ அப்டேட் போட்டிருக்கிறது என்று நினைத்தேன். உண்மையாகவே அப்படித்தான் நினைத்தேன்.

30-ஆம் தேதி காலை பல் தேய்த்துவிட்டு நிமிர்ந்தேன். அம்மா எதிரில் நின்று என்னவோ கேட்கிறாள். அவள் முகத்தில் வாய் இல்லை. ஜன்னல் கம்பிகள் வளைந்து போயிருந்தன.

ஆஸ்பத்திரியில் என் வயதுதான் இருக்கும் அந்த டாக்டருக்கு. "எத்தனை நாளா நிழல் தெரியுது?" என்றார். பத்துப் பதினைந்து நாள் என்றேன். "கண்ணு பவர் மைனஸ் ஒன்பது. மின்னல், புள்ளி, நிழல் மூணும் வந்திருக்கு. ஏம்மா வரல?" சிஸ்டம் பிரச்சினை என்று நினைத்தேன் டாக்டர் என்றேன். அவர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். பத்து நாளுக்கு முன்னால் வந்திருந்தால் நடுப்பகுதி ஒட்டியே இருந்திருக்கும், நல்ல பார்வை மிஞ்சியிருக்கும் என்றார். இனிமேல் எண்ணெய் எடுக்கும்போதுதான் தெரியும்.

பத்து நாளுக்கு முன்னால் நான் எங்கே நின்றுகொண்டிருந்தேன் என்று எண்ணிப் பார்த்துக்கொள்.

நீ பார்த்தாய். பார்த்ததை ஒப்புக்கொண்டு எழுதியும்விட்டாய். ஏன் என்பதை மட்டும் கிழித்துப் போட்டாய். நிர்மல் சிரித்ததாலா? அதை எழுது. அழகாக எழுதாதே.

ரோ.

ஆவடி
15 பிப்ரவரி, சனி

ரோஷினி,

நவம்பரில் உன்னைப் பெண் பார்க்க வந்த அன்று நானும் இருந்தேன். அவர்கள் வருவதற்கு அரை மணி முன்னால் உன் அம்மா என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டார். உன் மூக்குக்கண்ணாடியைத் துணியில் சுற்றி அரிசி டிரம்முக்குள் வைத்தார். "லென்ஸ் போட்டிருக்கா. கண்ணாடி, பவர், லென்ஸ், இந்த மூணு வார்த்தையும் அவங்க எதிர்ல வரக்கூடாதும்மா. போன தடவை பவரைக் கேட்டுட்டுத்தான் போனவங்க திரும்ப வரல. உன்கிட்டதான் வாய் தவறும், அதான் சொல்றேன்" என்றார். சரி ஆன்ட்டி என்றேன். அன்று முழுக்கக் கேசரியைப் பற்றி மட்டும் பேசினேன்.

கவுன்ட்டரில் நீ புது லேப்டாப்பில் விரலை வைத்தபோது எனக்கு வாய் வரை வந்துவிட்டது. உன் பக்கத்தில் ஹெல்மெட்டோடு அவர் நின்றார். கண் என்று ஒரு சொல் சொன்னால் அடுத்து பவர் வரும், அதற்கடுத்து அரிசி டிரம் வரும். அதனால் விழுங்கினேன்.

இதோடு நிறுத்தினால் உன் அம்மாவுக்குக் கொடுத்த வாக்குக்காக வாய் மூடிய நல்ல பெண்ணாக ஆகிவிடுவேன். அழகாக எழுதாதே என்றாய். சரி. வரிசையில் உனக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள். எங்கள் மேனேஜர் ரகுநாதன் சார் கண்ணாடி அறைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். நீ என் தோழி என்று நிர்மலுக்குத் தெரியும், எஃபெக்ட் கேஸ் என்று அவன் சொன்னது எனக்கும் சேர்த்துத்தான். நீ சீக்கிரம் போனால் போதும் என்று இருந்தது. அது ஒரு நிமிடம்தான் இருந்திருக்கும். ஆனால் இருந்தது.

அன்று சாயங்காலம் ரயிலில் உட்கார்ந்து உனக்கு ஒரு மெசேஜ் தட்டினேன். 'கண்ணை ஒருதரம் காட்டிடு. இன்னைக்கே.' அனுப்பவில்லை. நீங்கள் இன்னும் ஒன்றாக இருப்பீர்கள், போன் மேசையில் கிடக்கும், அவர் படித்துவிடுவார் என்று நினைத்தேன். காலையில் கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம். காலையில் ஒரு கம்பெனியிலிருந்து அறுபது லேப்டாப் சோதனைக்கு வந்து இறங்கியது. அதற்கு மறுநாள், அவசரம் இருந்தால் நீயே கூப்பிடுவாயே என்று இருந்துவிட்டேன். மூன்றாம் நாள் எனக்கு அது நினைவில் இல்லை. இந்த வரியை எழுதத்தான் இரண்டு தாள் கிழிந்தது.

மன்னிப்பு என்று எழுதிப் பார்த்தேன். உன் முக்காலியில் வைத்து நீ அதைப் படிப்பதை நினைத்து அடித்துவிட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். இரண்டு கண்ணிலும் பவர் மைனஸ் ஒன்பது என்றுதானே முன்பு சொன்னாய். வலது கண்ணைப் பற்றி டாக்டர் என்ன சொன்னார்? இதற்கு மட்டுமாவது பதில் எழுது.

ஃபெபி

வெள்ளானூர்
19 பிப்ரவரி, புதன்

ஃபெபி,

அறுபது லேப்டாப். சரி.

வலது கண்ணிலும் விழித்திரை ஓரத்தில் ஒரு இடம் மெலிந்து, அதில் சின்னதாக ஓட்டை விழுந்திருக்கிறது. ஆபரேஷன் அன்றே பார்த்துவிட்டார்கள். லேசர் வைத்துச் சுற்றி அடைக்க வேண்டும். கால் மணி நேர வேலை, படுக்க வேண்டியதில்லை, ஊசிகூட இல்லை. ஒரு வாரத்துக்குள் வாருங்கள் என்று எழுதிக் கொடுத்தார் டாக்டர். அந்த வாரம் போய்விட்டது.

ஏன் போகவில்லை என்று கேள். அம்மை போட்டிருக்கிறதே.

அரவிந்தனின் அத்தை சுரேகா எங்களுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். தினமும் பத்து மணிக்கு இளநீரோடு வருகிறார். உள்ளே வருவதில்லை, வாசலில் நின்று பேசுவார். எனக்குத் தரை மட்டும்தான் தெரிகிறது, காது நன்றாகக் கேட்கிறது.

"எத்தினி முத்து போட்டுகீது?"

"முதுகுலதாங்க. முகத்துல ஒண்ணும் இல்ல."

"அப்பாடா. மூஞ்சி தப்பிச்சிது. கல்யாணப் பொண்ணாச்சே." பிறகு அம்மாவுக்குப் பாடம். "மூணு தண்ணி ஊத்தற வரைக்கும் படி தாண்டக்கூடாது, ஆமா. நான் கோயில்ல சொல்லிக் கூழு ஊத்த ஏற்பாடு பண்ணிக்கறேன்."

அம்மா தலையாட்டுகிறாள். முதல் தண்ணீர் ஊற்றியாகிவிட்டது. இல்லாத முத்துக்கு மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பாத்ரூமில் கொட்டினாள். அந்த வாசனை தெருவுக்குப் போக வேண்டுமாம். கடைசித் தண்ணீர் மார்ச் முதல் வாரம். அதுவரை நான் வெளியே போனால் அம்மை பொய் என்று தெரிந்துவிடும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று, வேம்புலி அண்ணன் ஆட்டோவில் பக்கவாட்டுத் திரையை இறக்கிவிட்டு, போர்வை போர்த்தி இறக்கினார்கள். அம்மை என்று சொல்ல அதுதான் காரணமாகப் போயிற்று. கண்ணைக் காப்பாற்றுவதற்காகச் சொன்ன பொய் இல்லை அது, கல்யாணத்தைக் காப்பாற்ற. இப்போது அதுவே கண்ணை விடமாட்டேன் என்கிறது.

நேற்றிலிருந்து நோட்டில் ஒரு புள்ளி. மைப்புள்ளி என்று நினைத்து விரலால் தேய்த்தேன். பக்கத்தைத் திருப்பினேன். அந்தப் பக்கத்திலும் இருந்தது.

அம்மாவிடம் சொன்னேன். இன்னும் ரெண்டு வாரம்தானே, பொறுத்துக்கோ கண்ணு என்றாள். அவள் கெட்டவள் இல்லை. அப்பா இல்லாமல் ஒற்றையாக எனக்கு நாலு வருடமாக வரன் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு வீடும் பவரைக் கேட்டுவிட்டுக் காப்பியைக் குடித்துவிட்டுப் போனது. அவளால் இனி ஒரு வீட்டுக்குக் காப்பி போட முடியாது.

நானும் ஒன்று சொல்கிறேன், உனக்கு ஆறுதலாக இல்லை. அந்தப் புள்ளியை நான் டிசம்பரிலேயே பாத்ரூம் டைல்ஸில் பார்த்தேன். வெள்ளைச் சுவர்களைப் பார்ப்பதை நிறுத்திக்கொண்டேன். பழுது ஸ்கிரீனில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஸ்கிரீன் என்றால் மாற்றிக்கொள்ளலாம்.

நீ அரவிந்தனிடம் எதுவும் சொல்லக்கூடாது. அன்றைக்கு அம்மாவுக்காக வாயை மூடினாய். இன்றைக்கு நான் கேட்கிறேன். வலது கண் பிழைத்தால் பிழைக்கட்டும். இல்லாவிட்டால் எனக்கு இரண்டும் இல்லை, கல்யாணமும் இல்லை. ஒன்றாவது இருக்கட்டும்.

ரோஷினி

ஆவடி
23 பிப்ரவரி, ஞாயிறு

ரோஷினி,

சொல்லிவிட்டேன். நாகம்மா உன் கடிதத்தை வியாழன் மாலை கொடுத்தார். வெள்ளி மதியம் அரவிந்தனின் கம்பெனி கேட்டில் போய் நின்றேன்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் சாப்பாட்டு நேரம். அவர் டிஸ்பேட்ச் பகுதியிலிருந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார். என்னைக் கடைப் பெண்ணாகத்தான் நினைவு வைத்திருந்தார். "இன்னாங்க, லேப்டாப்புக்கு வேப்பிலை அடிக்கணுமா?" என்று சிரித்தார். டீக்கடையில் இரண்டு டீ சொன்னார். நான் டீயைத் தொடாமல் சொல்ல ஆரம்பித்தேன். அம்மை பொய். ஆபரேஷன். இடது கண். எண்ணெய். வலது கண்ணில் ஓட்டை, ஒரு வாரக் கெடு முடிந்துவிட்டது, புதிதாகப் புள்ளி வந்திருக்கிறது. கடைசியில் சொல்ல வேண்டியதையும் சொன்னேன். "அவளுக்குப் பவர் ஜாஸ்தி. மைனஸ் ஒன்பது. லென்ஸ் போட்டுக்கிட்டுத்தான் உங்க எதிர்ல உட்கார்ந்தா. மறைச்சிட்டாங்க."

லாரி ஒன்று ரிவர்ஸில் வந்துகொண்டிருந்தது, அது நிற்கும்வரை அவர் காத்திருந்தார்.

"லென்ஸ் போடறாங்கன்னு தெரியும்ங்க" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே தெரியும். தட்டு நீட்டும்போது கண்ணு ஓரத்துல வளையம் தெரிஞ்சிது. எங்க அக்காவும் அப்படித்தான் உட்கார்ந்தா. எங்கம்மா அவ கண்ணாடிய மிக்ஸி ஜார்ல வெச்சாங்க." சிரிக்க ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். "வீட்ல எல்லாருக்கும் தெரியும். யாரும் பெருசா எடுத்துக்கல. அவங்களே ஒரு நாள் சொல்லுவாங்க, நாமளா கேட்டா சங்கடமா இருக்குமேன்னு வுட்டுட்டேன்."

நான் டம்ளரைப் பிடித்துக்கொண்டேன்.

"அன்னிக்குக் கடையில ரெண்டாவது மெஷின்லயும் கைய வெச்சாங்கல்ல," என்றார், "எனக்கு அப்பவே லென்ஸு எதுனா நகந்துக்கிச்சோன்னு தோணிச்சி. கண்ணைக் காட்டலாமான்னு கேட்டா, எனக்குத் தெரியும்னு அவங்களுக்குத் தெரிஞ்சிடும். அதான் ஜோக் அடிச்சி மாத்தினேன்."

ரோஷி, யாரிடமிருந்து மறைக்க நான் வாயை மூடினேனோ அவருக்கு அது தெரிந்திருந்தது. உன்னிடம் காட்டிக்கொள்ளாமல் இருக்க அவரும் மூடினார். அந்தக் கவுன்ட்டரில் உன் கண்ணைப் பற்றித் தெரியாமல் சிரித்தவன் நிர்மல் ஒருவன்தான். இதை உனக்கு எழுதாமல் இருக்கலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். எழுதாமல் விட்டு என்ன நடக்கும் என்று எனக்கு இப்போது தெரியும்.

நேற்று நடந்ததை நாகம்மா சொல்லித்தான் அறிந்தேன். "காலீல ஏழு மணிக்கு ஊட்டாண்ட காரு வந்து நின்னுச்சி. அந்தத் தம்பி எறங்கி வேப்பலய அவுத்து ஓரமா வெச்சிட்டு உள்ள போச்சி. அம்மா ஒரே சத்தம். பாப்பா குனிஞ்ச தல நிமிராம போயி காருல குந்திக்கிச்சி" என்றார்.

லேசர் ஆயிற்றா? ஓட்டை பெரிதாகவில்லையே? என் மேல் கோபம் இருக்கட்டும். ஒரு வரி மட்டும்.

ஃபெபி

வெள்ளானூர்
29 ஜூன், ஞாயிறு

ஃபெபி,

நீ பிப்ரவரியில் கேட்ட ஒரு வரியை இப்போதுதான் எழுதுகிறேன். இடையில் நீ அனுப்பிய நாலு கடிதங்களும் இருக்கின்றன. படித்தேன். கவுன்ட்டரில் நிழல் என்று வருகிறவர்களை ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்கிறாய் என்றும், யாரோ ஒருவர் புகார் செய்ததால் ரகுநாதன் சார் உன்னை உள்ளே பெஞ்சுக்கு மாற்றிவிட்டார் என்றும் எழுதியிருந்தாய். வருத்தமாக இருந்தது. அதைத் தாண்டி எனக்கு எதுவும் தோன்றவில்லை.

அன்றைக்குக் காரில் அம்மா முன்னால் உட்கார்ந்தாள். வழியெல்லாம் என் செருப்பையும் கால் மிதியையும்தான் பார்த்துக்கொண்டு போனேன். லேசர் முடிந்து வந்ததும், "முன்னாடியே கேட்டிருக்கணும்" என்றார் அரவிந்தன். நானும் முன்னாடியே சொல்லியிருக்கணும் என்று சொல்ல வாயெடுத்தேன். அம்மா பக்கத்தில் இருந்தாள்.

அதற்கப்புறம் இரண்டு முறை பரிசோதனைக்குக் கூட்டிப்போனார். மூன்றாவது முறைக்கு அவர் வரவில்லை, அவருடைய அம்மா போன் செய்தார். கண்ணாடி போடுவதை யார் குறை சொன்னார்கள், எங்கள் பெண்ணும்தான் போடுகிறாள், ஆனால் ஒரு கண் போன பெண்ணை எப்படி என்றார். அம்மை என்று சாமி பேரில் பொய் சொன்ன குடும்பம் என்றும் சொன்னார். சுரேகா அத்தை அதற்கப்புறம் எங்கள் தெரு வழியாக வருவதில்லை. அரவிந்தன் மேல் எனக்குக் கோபம் இல்லை. வீட்டில் சண்டை போட்டதாக ஒரு மெசேஜ் வந்தது. ஏப்ரலில் அதுவும் நின்றது.

ஏப்ரலில் எண்ணெய்க்கு அடியிலேயே விழித்திரை சுருங்கி மறுபடி கழன்றது. இரண்டாவது ஆபரேஷன். மறுபடி மூன்று வாரம் தரை. மே மாதம் வேலையை விட்டேன். ஒரு கண்ணால் பிக்ஸல் எண்ண முடியும், எண்ணிப் பார்த்தேன். ஒரு மணி நேரத்தில் தலை வலித்தது.

உன்னால்தான் கல்யாணம் நின்றது என்று அம்மா வருகிறவர்களிடம் எல்லாம் சொல்கிறாள். நான் மறுப்பதில்லை. உன்னால்தான் வலது கண் பிழைத்து நின்றது என்று ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை. உன்னிடமும் இன்றைக்குத்தான் சொல்கிறேன். ஜனவரியையும் பிப்ரவரியையும் சேர்த்து உன்னை நினைக்க எனக்கு வரவில்லை. ஒன்றை நினைத்தால் மற்றது போய்விடுகிறது. அதனால் கொஞ்ச காலம் எழுத வேண்டாம்.

ஆடி பிறப்பதற்குள் வீட்டைக் காலி செய்து ஆத்தூருக்கு, மாமா வீட்டுப் பக்கம் போகிறோம். நாகம்மாவிடம் விலாசம் கொடுக்கவில்லை.

போன செவ்வாய்க்கிழமை, 24-ஆம் தேதி, எண்ணெயை எடுத்தார்கள். மறுநாள் காலை கட்டைப் பிரித்து, டாக்டர் முகத்துக்கு நேரே கையை அசைத்தார். பிறகு விரல்களைக் காட்டினார். பிறகு டார்ச் அடித்தார். வலது கண் நன்றாக இருக்கிறது. இடது கண்ணில் பார்வை வரவில்லை.

ரோஷினி